பரீட்சை உண்டு, பட்டம் இல்லை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு 75 ஆண்டுகள் மல்லுக்கட்டிய கிர்ட்டன் பெண்கள் கல்லூரியின் கதை

1948 அக்டோபர் 21. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் பட்டம் வழங்கியது. தொடங்கி 700 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்த பல்கலைக்கழகம் அது. மேடையேறிய பெண்மணி அங்கே ஒரு நாள்கூட வகுப்பில் உட்கார்ந்தவர் இல்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி, ராணி எலிசபெத். கொடுத்தது கௌரவ டாக்டர் பட்டம்.

ஊர் நடுவிலிருந்து வடமேற்கே இரண்டரை மைல் போனால் கிர்ட்டன் என்றொரு கிராமம். அங்குள்ள செங்கல் கட்டடத்தில் அதற்கு 75 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பெண்கள் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்குத் தந்த அதே வினாத்தாளுக்கு விடை எழுதினார்கள். சில ஆண்டுகளில் ஆண்களை முந்தவும் செய்தார்கள். ஆனாலும் பல்கலைக்கழகத்தின் முறையான பட்டதாரி என்று சொல்லிக்கொள்ள அவர்களில் ஒருவருக்கும் உரிமை இல்லை.

நம் ஊர்க் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திகைப்பு கூடும். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் காதம்பினி போஸும் சந்திரமுகி போஸும் 1883-லேயே பி.ஏ. பட்டதாரிகள். சென்னை மருத்துவக் கல்லூரியில் முத்துலட்சுமி தேறி டாக்டரானது 1912-ல். ஆளப்பட்ட நாட்டின் பெண்களுக்குக் கிடைத்துவிட்ட ஒன்று, ஆண்ட நாட்டின் பெருமைக்குரிய பல்கலைக்கழகத்தில் அந்நாட்டுப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

காரணம் எளிமையானது. கல்கத்தாவும் மதராஸும் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து உருவானவை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை; பரீட்சை வைத்துச் சான்று கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. அந்தப் பட்டம் ஒருவரின் படிப்புக்கு அத்தாட்சி, அவ்வளவுதான். கேம்பிரிட்ஜிலோ பி.ஏ. வாங்கியவர் சில ஆண்டு கழித்து எம்.ஏ. ஆவார், எம்.ஏ. ஆனவர் ஆயுள் முழுக்க செனட் உறுப்பினர். பல்கலைக்கழகத்தின் சட்டதிட்டங்களில் அவருக்கு ஓட்டு உண்டு. நாடாளுமன்றத்துக்குப் பல்கலைக்கழகத்தின் சார்பில் இரண்டு உறுப்பினர்களை அனுப்புவதிலும் உண்டு. பெண்ணுக்குப் பட்டம் என்றால் அவளுக்குச் சொத்தில் பங்கு என்று பொருள். அறிவைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் அன்று பேசப்பட்ட எல்லா வாதங்களுக்கும் அடியில் கிடந்தது இந்தப் பங்குப் பிரச்சினைதான்.

பாதிரியாரின் மகள்

கல்லூரியைத் தொடங்கிய எமிலி டேவிஸ் 1830-ல் பிறந்தவர். அப்பா கேட்ஸ்ஹெட் என்ற ஊரில் பாதிரியார். அண்ணன் லெவெலின் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். தங்கைக்கு வீட்டு வேலையும் சபைப் பணியும் மிஞ்சின. அப்பா இறந்தபின் லண்டனுக்குக் குடிவந்தபோது எமிலிக்கு முப்பது வயது கடந்திருந்தது.

தோழி எலிசபெத் காரெட் டாக்டருக்குப் படிக்கத் துடித்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். 1862-ல் அதன் ஆட்சிக்குழுவில் ஓட்டுகள் சரிசமமாகப் பிரிந்தன. தலைவர் தன் ஓட்டை எதிராகப் போட்டார். டேவிஸ் அங்கே முட்டிக்கொண்டிருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேம்பிரிட்ஜ் நடத்திவந்த உள்ளூர்த் தேர்வுகளைப் பெண் பிள்ளைகளுக்கும் சோதனையாக ஒருமுறை நடத்திப் பார்க்கலாமே என்று விண்ணப்பித்தார். 1863-ல் அனுமதி வந்தது. கையில் இருந்த அவகாசம் ஆறு வாரம். அதற்குள் 83 பெண்களைத் திரட்டிவிட்டார். கணக்குப் பாடத்தில் பலர் தோற்றார்கள், ஏனென்றால் பெண்கள் பள்ளிகளில் கணக்கை யாரும் ஒழுங்காகச் சொல்லித்தரவே இல்லை. பள்ளிகள் விழித்துக்கொண்டு கணக்கு நடத்தத் தொடங்கின. 1865-ல் அந்தத் தேர்வுகள் பெண்களுக்கு முறையாகத் திறந்தன. தோல்வியே ஒரு கருவியாகும் என்பதை டேவிஸ் அப்போது கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். தனிப் பாடத்திட்டம் வைத்திருந்தால் அந்தக் குறை வெளியே தெரிந்தே இருக்காது.

1866 ஜூனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு சுமார் 1,500 பேர் கையெழுத்திட்ட மனுவை அவரும் காரெட்டும் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாடாளுமன்ற உறுப்பினரும் தத்துவ அறிஞருமான ஜான் ஸ்டூவர்ட் மில் வரும்வரை அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூச்சப்பட்டு, அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த பெண்ணின் கடைக்கு அடியில் மறைத்து வைத்தார்களாம். ஆனால் கல்லூரி வேலையில் இறங்கிய பிறகு டேவிஸ் வாக்குரிமை மேடைகளிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். இரண்டையும் சேர்த்துப் பேசினால் பணம் கொடுப்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம். இந்த எச்சரிக்கை சில சமயம் கசப்பான அளவுக்குப் போனது. முதல் ஆயிரம் பவுண்டைத் தந்த ஓவியர் பார்பரா போடிச்சோனைத் தொடக்கக் குழுவில் முன்னிறுத்தாமல் பார்த்துக்கொண்டார். வாக்குரிமைப் போராளி என்று அவர் பெயர் ஊரறிந்தது. போடிச்சோன் அதைப் பொருட்படுத்தவில்லை. 1891-ல் இறந்தபோதும் 10,000 பவுண்டை அதே கல்லூரிக்கு எழுதிவைத்தார். நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் கொடுத்தது 50 பவுண்டு.

ரயில் நேரத்துக்குப் பாடம்

1869 அக்டோபர் 16-ல் ஹிட்சின் என்ற சிற்றூரில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து மாணவிகளோடு கல்லூரி தொடங்கியது. கேம்பிரிட்ஜிலேயே தொடங்கினால் ஆண் மாணவர்கள் நடமாடும் ஊரில் பெண்களைக் குடிவைத்தார்கள் என்று பேச்சு வரும். ஆகவே லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஏறக்குறைய நடுவில் ஓர் ஊர். ஆசிரியர்கள் கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலேறி வந்தார்கள். பாட நேரத்தை ரயில்வே அட்டவணை தீர்மானித்தது. இடம் போதாமல் தோட்டத்தில் இரும்புத் தகடு வேய்ந்த அறைகளைப் போட்டார்கள்.

அந்த வீட்டின் முதல் தலைவி சார்லட் மானிங். இந்தியப் பழமை பற்றி நூல்கள் எழுதியவர். முதல் கணவர் கல்கத்தாவில் டாக்டராக இருந்தவர். மேரி கார்ப்பென்டர் தொடங்கிய தேசிய இந்தியச் சங்கம் என்ற அமைப்புக்கு லண்டனில் கிளை உருவாக உழைத்தார். அவருடைய மூத்தாளின் மகள் அடிலெய்ட் பின்னால் அதே சங்கத்தை நடத்தினார். ஆக்ஸ்போர்டில் சட்டம் படிக்கப் போன கார்னீலியா சொராப்ஜிக்கு லண்டனில் துணையாக நின்றதும் அவர்தான். சொராப்ஜி 1892-ல் சட்டத் தேர்வை எழுதி முடித்தார். பட்டம் கைக்கு வந்தது 1922-ல்!

மாணவிகள் பெரும்பாலும் சின்னஞ்சிறுசுகள் இல்லை. அன்னா லாய்டுக்கு முப்பது வயதுக்கு மேல். குவேக்கர் குடும்பத்துப் பெண்ணான அவரை, வீட்டில் உனக்குக் கடமை இருக்கிறது என்று உறவினர்கள் சொல்லிச் சொல்லியே படிப்பைப் பாதியில் விட வைத்தார்கள். இன்னொருவர் திருமணம் என்று போனார். மிஞ்சியவர்கள் மீது டேவிஸ் ஏற்றிய சுமை கொஞ்சமில்லை. ஆண்கள் எட்டு வயதில் தொடங்கிய லத்தீனையும் கிரேக்கத்தையும் இவர்கள் இருபது தாண்டி எழுத்துக்கூட்டினார்கள். ஆண்களுக்கான கால வரம்பு எதுவோ அதே வரம்புக்குள் முதல்நிலைத் தேர்வையும், பிறகு ட்ரைப்போஸ் என்ற சிறப்புத் தேர்வையும் முடிக்க வேண்டும். ஒரு நாள்கூடக் கூட்டித்தர டேவிஸ் சம்மதிக்கவில்லை.

இங்கேதான் அவருக்கும் ஹென்றி சிட்ஜ்விக்குக்கும் முறுகல். சிட்ஜ்விக் கேம்பிரிட்ஜில் தத்துவம் கற்பித்தவர். பெண்கல்விக்கு உண்மையான நண்பர். 1871-ல் ஊருக்குள்ளேயே வீடு பிடித்து, அதில் ஐந்து மாணவிகளை வைத்து நியூன்ஹாம் கல்லூரிக்கு வித்திட்டார். கட்டாய கிரேக்கமும் லத்தீனும் ஆண்களுக்கே பயனற்ற பழஞ்சுமை, அதைப் போய்ப் பெண்கள் தலையிலும் கட்டுவானேன் என்பது அவர் கட்சி. பெண்களுக்குப் பொருந்திய பாடம், பொருந்திய வேகம், வேண்டுமானால் தனித் தேர்வு. கல்வி என்ற அளவில் சிட்ஜ்விக் சொன்னது சரி. ஆனால் டேவிஸ் வேறொன்றைப் பார்த்தார். பெண்களுக்கென்று ஒரு சான்றிதழ் வந்தால் அது எவ்வளவு தரமாக இருந்தாலும் உலகம் அதை இரண்டாம் தரம் என்றே எடைபோடும். பல்கலைக்கழகமும் அதைக் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொள்ளும். பாடத்திட்டம் மோசமா? இருக்கட்டும், அதே மோசமான பாடத்திட்டம் எங்களுக்கும் வேண்டும். கேட்க முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. அடுத்த 80 ஆண்டு வரலாறு அவர் பக்கமே சாய்ந்தது.

மற்ற விஷயங்களில் அவர் தாராளமானவர் இல்லை. ஹிட்சினில் மாணவிகள் ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சிகளை ஆண் வேடமிட்டு நடித்தபோது பெரிய ரகளையே நடந்தது. கல்லூரிக்குக் கெட்ட பெயர் வரும் என்று தடுத்தார். நாங்கள் பெரியவர்கள், எங்களை நம்பக்கூடாதா என்று மாணவிகள் கொதித்தார்கள். டேவிஸ் அசையவில்லை.

1873-ல் சாரா உட்ஹெட் கணிதத்திலும், ரேச்சல் குக்கும் லூயிசா லம்ஸ்டனும் கிரேக்க, லத்தீன் இலக்கியத்திலும் ட்ரைப்போஸ் தேறினார்கள். அதிகாரபூர்வமாக இல்லை. தேர்வாளர்களின் தனிப்பட்ட தயவில் வினாத்தாளை வாங்கி எழுதி, அவர்களிடமே திருத்தி வாங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் கல்லூரி கிர்ட்டனுக்குக் குடிபெயர்ந்தது. ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் வரைந்த கட்டடம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை எழுப்பியவர் அவர்தான். ஆண்கள் கல்லூரிகளில் மாடிப்படிக்கு நாலு அறை என்று பிரிந்து கிடக்கும். இங்கே நீண்ட நடைக்கூடமும் அதையொட்டி வரிசையாக அறைகளும். ஒவ்வொரு மாணவிக்கும் படுக்கையறை ஒன்று, படிக்க உட்கார ஓர் அறை. கையில் பணமில்லாத நிலையிலும் டேவிஸ் விட்டுக்கொடுக்காதது இந்தத் தனி அறையைத்தான். 1928 அக்டோபரில் வர்ஜீனியா உல்ஃப் நியூன்ஹாமிலும் கிர்ட்டனிலும் பேசிய உரைகளிலிருந்து, பெண் எழுத வேண்டுமானால் பணமும் ஓர் அறையும் தேவை என்ற அவருடைய புகழ்பெற்ற நூல் பிறந்தது. அறை கிர்ட்டனில் இருந்தது. பணம்தான் எப்போதும் இல்லை.

தீயணைப்புப் படை

ஊரிலிருந்து தள்ளியிருந்ததால் தீப்பிடித்தால் அணைக்க ஆள் வராது. ஆகவே மாணவிகளே தீயணைப்புப் படை அமைத்துக்கொண்டார்கள். வாளியும் கைப்பம்புமாகப் பயிற்சி எடுத்தார்கள். அதைத் தொடங்கிய மாணவிகளில் முக்கியமானவர் சாரா மார்க்ஸ். ஹெர்த்தா அயர்ட்டன் என்று பின்னால் பெயர்பெற்றவர் இவர்தான். போர்ட்ஸ்மவுத் பக்கம் கடிகாரம் செய்து பிழைத்த யூதக் குடும்பம். அப்பா சீக்கிரம் இறக்க, அம்மா தையல் வேலை செய்து காப்பாற்றினார். கிர்ட்டனில் சேரப் பணம் திரட்டித் தந்தவர் போடிச்சோன். 1880-ல் கணித ட்ரைப்போஸில் மூன்றாம் வகுப்பில் தேறினார். அந்த மூன்றாம் வகுப்புக்காரர்தான் மின்வில் விளக்கு ஏன் சீறுகிறது, ஏன் அணைந்து அணைந்து எரிகிறது என்பதற்கு விடை கண்டார். 1902-ல் ராயல் சொசைட்டிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, மணமான பெண்ணுக்குச் சட்டப்படி உறுப்பினராகும் தகுதி இல்லை என்றார்கள். நான்கு ஆண்டு கழித்து அதே சொசைட்டி ஹியூஸ் பதக்கத்தைக் கொடுத்தது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளிலிருந்து விஷவாயுவைத் தள்ள அவர் வடிவமைத்த கைவிசிறிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் போர்முனைக்குப் போயின.

அதே 1880-ல் சார்லட் ஸ்காட் என்ற இன்னொரு கிர்ட்டன் மாணவி கணித ட்ரைப்போஸில் எட்டாம் இடத்துக்குச் சமமான மதிப்பெண் பெற்றார். கணிதத்தில் முதல் வகுப்புக்காரர்களை ராங்ளர் என்பார்கள். புனேயின் ராங்ளர் பராஞ்சபே பெயரைக் கேள்விப்பட்டவர்களுக்கு அந்தப் பட்டத்தின் மவுசு தெரியும். பட்டியல் வாசிக்கும் சபைக்குள் ஸ்காட் பெயரைச் சொல்ல முடியாது. எட்டாம் இடத்துக்கு ஓர் ஆணின் பெயர் வாசிக்கப்பட்டபோது கூடியிருந்த ஆண் மாணவர்களே ஸ்காட் பெயரைக் கூவினார்கள். மறு ஆண்டு பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. 1881 முதல் பெண்கள் ட்ரைப்போஸ் தேர்வுகளை உரிமையோடு எழுதலாம், சான்றிதழ் கிடைக்கும். பட்டம் மட்டும் கேட்கக்கூடாது.

1887-ல் கிரேக்க, லத்தீன் இலக்கியத் தேர்வில் முதல் வகுப்பின் முதல் பிரிவில் ஒரே ஒருவர்தான் தேறினார்: கிர்ட்டனின் அக்நாட்டா ராம்சே. 'பஞ்ச்' பத்திரிகை அவரைப் பெண்களுக்கு மட்டுமான முதல் வகுப்பு ரயில்பெட்டியில் ஏற்றிக் கார்ட்டூன் போட்டது. மறு ஆண்டே டிரினிட்டி கல்லூரித் தலைவர் அவரை மணந்துகொண்டார். மாப்பிள்ளைக்கு 55 வயது, பெண்ணுக்கு 21. 1890-ல் நியூன்ஹாமின் ஃபிலிப்பா ஃபாசெட் கணிதத்தில் முதல் ராங்ளருக்கும் மேலே மதிப்பெண் எடுத்தார். அறிவு போதாது என்ற வாதம் அத்தோடு படுத்துவிட்டது. ஆகவே எதிர்ப்பாளர்கள் வாதம் செய்வதை நிறுத்திவிட்டு ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள்.

சைக்கிளில் ஒரு கொடும்பாவி

1897 மே 21. பெண்களுக்குப் பட்டத்தின் பெயரையாவது தரலாமா என்று செனட்டில் ஓட்டெடுப்பு. நாடெங்கும் பாதிரிமாராகவும் வக்கீல்களாகவும் போயிருந்த பழைய மாணவர்களுக்கெல்லாம் ஓட்டு இருந்ததால் லண்டனிலிருந்து சிறப்பு ரயில்கள் ஓடின. செனட் மண்டபத்துக்கு எதிரே புத்தகக்கடை வாசலுக்கு மேல், சைக்கிளில் உட்கார்ந்த பெண் உருவத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சைக்கிளுக்குக் காரணம் உண்டு. துணைக்கு ஒரு மூத்த பெண்மணியும் குதிரை வண்டியும் இல்லாமல் கிர்ட்டன் பெண்கள் ஊருக்குள் வரத் தொடங்கியது சைக்கிளால்தான். முட்டையும் பட்டாசும் பறந்தன. எதிர்த்தவர்கள் 1,700-க்கும் மேல், ஆதரித்தவர்கள் சுமார் 660. வெற்றிக் களிப்பில் பொம்மையைப் பிய்த்து நியூன்ஹாம் வாசல்வரை கொண்டுபோய்ப் போட்டார்கள்.

இதனால் வந்த நஷ்டம் மானத்தோடு நிற்கவில்லை. பட்டம் இல்லாத ஆசிரியைக்குப் பள்ளிகளில் மதிப்பும் சம்பளமும் குறைவு. 1904-ல் ஒரு சந்து கிடைத்தது. அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரி பெண்களைச் சேர்க்க முடிவு செய்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் தகுதியைத் தன் தகுதியாகவே ஏற்றுப் பட்டம் தரும் பழைய வழக்கம் அங்கே இருந்தது. அது பெண்களுக்கும் பொருந்தும் என்றார்கள். நீராவிக் கப்பலேறிப் போய், அங்கி உடுத்தி, பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் 1907-க்குள் 700-க்கும் அதிகம். அவர்கள் கட்டிய கட்டணத்தில் டப்ளின்காரர்கள் தங்கள் ஊர்ப் பெண்களுக்கு விடுதி அமைத்தார்கள். படித்த இடம் பட்டம் தராமல் பக்கத்து நாட்டில் போய் வாங்கிய கூத்து இது.

கும்பகோணத்து ராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் 1916-ல், வந்து இரண்டாவது ஆண்டிலேயே, ஆராய்ச்சிக்காக பி.ஏ. கொடுத்தது. இங்கே எஃப்.ஏ. தேறாதவர் அவர். அவருடைய மேதைமைக்காக விதிகளை வளைக்க முடிந்தது, நல்லது. அதே ஆண்டில் கிர்ட்டனில் கணிதம் முடித்த பெண்ணுக்காக வளையவில்லை.

கிர்ட்டனில் ஹைதராபாத் நிஜாமின் உதவித்தொகையோடு சரோஜினி சட்டோபாத்யாயாவும், அதாவது பின்னாளின் சரோஜினி நாயுடுவும், சிறிது காலம் படித்தார். முடிக்காமல் 1898-ல் திரும்பிவிட்டார். சென்னைக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. கிர்ட்டனின் தொடக்கக்கால மாணவி கான்ஸ்டன்ஸ் மேனார்ட் 1882-ல் லண்டனில் வெஸ்ட்ஃபீல்ட் கல்லூரியை நிறுவினார். அங்கே கற்பித்த எலினார் மெக்டூகல்தான் 1915-ல் சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல் முதல்வர். நுங்கம்பாக்கத்தில் டவ்டன் மாளிகையில் அவரிடம் படித்த தமிழ், தெலுங்கு, மலையாளப் பெண்கள் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வெழுதிப் பட்டதாரிகள் ஆனார்கள். கிர்ட்டனுக்கு அப்போதும் அது வாய்க்கவில்லை.

டேவிஸ் 1904-ல் கல்லூரிப் பொறுப்புகளை விட்டு விலகினார். வந்த பணத்தையெல்லாம் மேலும் அறைகள் கட்டுவதிலேயே போட்டார், ஆராய்ச்சி நல்கைக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் ஒதுக்கவில்லை என்று இளையவர்கள் குறைப்பட்டார்கள். அந்தக் குறை நியாயமானது. தேர்வில் ஜெயிப்பதோடு படிப்பு முடிந்துவிடாது என்பதில் அவருக்கு அக்கறை குறைவு. 1918 பொதுத்தேர்தலில் 88 வயதில் வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டுப் போட்டார். 1921 ஜூலையில் காலமானார். ஆக்ஸ்போர்டு அதற்கு முந்தைய ஆண்டே பெண்களுக்குப் பட்டம் கொடுத்துவிட்டிருந்தது. கேம்பிரிட்ஜ் அந்த அக்டோபரில் மறுபடியும் மறுத்தது. ஆண் மாணவர்கள் தள்ளுவண்டியால் நியூன்ஹாமின் வெண்கலக் கதவுகளை இடித்துச் சேதப்படுத்தினார்கள். ஆறுதலாக, உறுப்பினர் உரிமை ஏதுமில்லாத பெயரளவுப் பட்டம் ஒன்றை அனுமதித்தார்கள். சபையில் மண்டியிட்டு வாங்கும் உரிமை கிடையாது, தபாலில் வரும்.

பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1925-ல் கிர்ட்டனில் படிப்பை முடித்தது இந்த ஏற்பாட்டின் கீழ்தான். அமர்த்தியா சென்னுக்கு ஆசிரியராகப் பின்னால் அமைந்தவர். 1939-ல் நியூன்ஹாமின் டோரதி காரட் தொல்லியல் பேராசிரியரானார். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அவருக்கு முன் எந்தப் பெண்ணும் பேராசிரியரானதில்லை. பேராசிரியர் நாற்காலியில் உட்காரலாம், செனட்டில் ஓட்டுப் போட முடியாது. இந்த அபத்தம் அதற்குமேல் தாங்கவில்லை. 1947 டிசம்பரில் தீர்மானம் வந்தபோது எதிர்த்துப் பேச ஒருவரும் எழவில்லை. ஐம்பது ஆண்டுக்கு முன் ரயில் ஏற்பாடு செய்து எதிர்த்த விஷயம், வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது.

ஆண்கள் வந்தார்கள்

1972-ல் கிங்ஸ், சர்ச்சில், கிளேர் ஆகிய ஆண்கள் கல்லூரிகள் மாணவிகளைச் சேர்க்கத் தொடங்கின. ஊர் நடுவில் பழம்பெருமையும் பணமும் உள்ள கல்லூரிகள் கூப்பிடும்போது இரண்டரை மைல் சைக்கிள் மிதிக்க யார் வருவார்கள் என்ற கேள்வி கிர்ட்டனுக்கு எழுந்தது. 1979-ல் இளங்கலை வகுப்புகளில் ஆண்களைச் சேர்த்தது. கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரிகளில் அப்படிச் செய்தது அதுதான் முதல். அதற்குள் அங்கே சட்டம் படித்துப் போயிருந்த பிரெண்டா ஹேல், 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைவரானார். பெண்களைச் சேர்ப்பதில் கடைசிவரை அடம்பிடித்த மாட்லின் கல்லூரி 1988-ல் வழிக்கு வந்தபோது, அதன் மாணவர்கள் சிலர் கறுப்புப் பட்டை அணிந்தார்கள், கொடி அரைக்கம்பத்தில் பறந்தது.

நியூன்ஹாம் இன்றும் பெண்களுக்கு மட்டும்தான். தனி ஏற்பாடு வேண்டுமா, அதே ஏற்பாடு வேண்டுமா என்று 1871-ல் மூண்ட வழக்கில் இரண்டு கல்லூரிகளும் தத்தம் பக்கத்தை இன்னும் விடவில்லை என்றே தோன்றுகிறது. கிர்ட்டன் ஆண்களைச் சேர்த்ததை டேவிஸ் எதிர்த்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். சேர்க்கைத் தகுதி இருபாலருக்கும் ஒன்றுதானா என்று மட்டும் விண்ணப்பப் படிவத்தை வாங்கிச் சரிபார்த்திருப்பார்.